மின்தடையும் பள்ளிவாசல் கடிகாரமும்



பள்ளிவாசலின் மிஹ்ராபுக்கு அருகே ஒரு காலத்தில் ஊசல் கடிகாரம் தொங்கியது. அதன் கீழே ஐந்து வக்துகளுக்கும் அட்டையில் வரைந்த ஐந்து சிறு கடிகாரங்கள் இருந்தன. இகாமத் நேரம் மாறும்போது மோதினார் முட்களைக் கையால் திருப்பி வைப்பார். பின்னர் சிவப்பு எழுத்துகளில் ஒளிரும் டிஜிட்டல் பலகைகள் வந்தன. இப்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலும் மற்ற ஊர்களிலும் நம் இளைஞர்கள் ஒரு படி மேலே சென்றிருக்கிறார்கள். பழைய டி.வி. ஒன்றைச் சுவரில் மாட்டி, அதன் பின்னால் உள்ளங்கையளவே உள்ள ராஸ்ப்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியைப் பொருத்தி, பாங்கு நேரம், இகாமத் நேரம், ஹிஜ்ரி தேதி, ஜும்ஆ அறிவிப்பு அனைத்தையும் ஒரே திரையில் காட்டுகிறார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் இதில் கவனிக்கப்படாத ஒரு குறை உள்ளது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது. ஆனால் சரிசெய்யாமல் விட்டால் பாதிக்கப்படுவது நம்முடைய நோன்பு.

குறை இதுதான். ராஸ்ப்பெரி பை கணினியின் பெரும்பாலான வகைகளில் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. வீட்டுக் கணினியையோ மடிக்கணினியையோ அணைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து இயக்கினாலும் அது சரியான நேரத்தைச் சொல்லும். உள்ளே ஒரு சிறு பட்டன் பேட்டரியின் உதவியால் தனியொரு கடிகாரச் சில்லு இடைவிடாமல் எண்ணிக்கொண்டே இருப்பதுதான் காரணம். 2012-இல் விற்பனைக்கு வந்த ராஸ்ப்பெரி பை, விலையைக் குறைக்கும் பொருட்டு அந்தச் சில்லைத் தவிர்த்துவிட்டது. இணையத்தில் இணைந்ததும் நேரத்தை அங்கிருந்து பெற்றுக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. 2023-இல் வந்த ஐந்தாம் வகையில்தான் கடிகாரம் பலகையிலேயே சேர்க்கப்பட்டது. அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி இணைத்தால்தான் பயன்.

அப்படியானால் இணையம் இல்லாத வேளையில் மின்சாரம் போய்த் திரும்பினால் அது எந்த நேரத்தைக் காட்டும்? கடைசியாக எப்போது நேரத்தைக் குறித்து வைத்ததோ அந்த நேரத்திலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும். அதன் இயங்குதளத்தின் பல பதிப்புகள் மணிக்கு ஒருமுறை எஸ்.டி. கார்டில் நேரத்தை எழுதி வைக்கின்றன. இடையில் கழிந்த பொழுதை அது அறியாது. தூங்கி எழுந்தவர், கண்ணை மூடியபோது என்ன மணியோ அதுவே இப்போதும் மணி என்று சாதிப்பதைப் போன்றது இது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு மின்சாரம் நிற்கிறது. பிற்பகல் 2 மணிக்கு வருகிறது. கணினி கடைசியாக எழுதி வைத்தது 8.17 எனில், 2 மணிக்கு அது 8.17 என்று காட்டியபடி விழித்தெழும். இப்பிழையால் பெரிய தீங்கு இல்லை. பட்டப்பகலில் ஐந்தே முக்கால் மணி நேரம் பின்தங்கிய பலகையைக் குழந்தைகூட நம்பாது. யாரேனும் சிரித்துவிட்டு வைஃபையைச் சரிபார்ப்பார்.

நாம் அஞ்ச வேண்டியது சிறிய பிழையை. ரமளான் இரவொன்றில் 3.25-க்கு மின்சாரம் போய் 3.40-க்குத் திரும்புகிறது என வைத்துக்கொள்வோம். தெருவில் உள்ள இணையப் பெட்டிக்கு இன்னும் உயிர் வரவில்லை. கணினி 3.17-லிருந்து எண்ணத் தொடங்குகிறது. இப்போது பலகை 23 நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. அந்த அகால வேளையில் 23 நிமிடப் பிழையைக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? ஸஹர் முடிவு 5.10 என்றால், உண்மையில் 5.10 ஆகும்போது பலகை 4.47 என்று காட்டும். பள்ளியில் ஸஹர் உண்ணும் வெளியூர்த் தொழிலாளர்கள், பலகையைப் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பவர், அந்த அறிவிப்பைக் கேட்டு வீட்டில் கடைசி மிடறு நீர் அருந்தும் தாய்மார்கள், முதியோர் என அனைவரும் நிம்மதியாக ஃபஜ்ருக்குள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தவறு அவர்களுடையதன்று. அவர்கள் பள்ளிவாசலின் கடிகாரத்தை நம்பினார்கள்.

இதற்கு விடையாக, நேர அட்டவணையில் பேணுதலுக்காக இரண்டு மூன்று நிமிடங்கள் சேர்த்துத்தானே போடுகிறோம் என்று சிலர் கூறக்கூடும். அந்த நிமிடங்கள் எதற்காக வைக்கப்பட்டவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பூமி தன்னைச் சுற்றும்போது ஒரு பாகை தீர்க்கரேகையைக் கடக்க 4 நிமிடம் ஆகிறது. திருவல்லிக்கேணிக் கடற்கரை ஏறத்தாழ 80.28 பாகையில் உள்ளது. ஆவடியும் பூந்தமல்லியும் 80.1 பாகையை ஒட்டி உள்ளன. எனவே கடற்கரைக்கெனக் கணக்கிட்ட மஃக்ரிபைவிட நம் பகுதியில் சூரியன் சற்றொப்ப 40 விநாடி பிந்தி மறைகிறது. சென்னைக்கு என்று ஒரே அட்டவணை அச்சிட்டு நகரம் முழுவதும் பயன்படுத்தும்போது இந்த வேறுபாட்டைத் தாங்குவதற்கும், கணக்கீட்டின் சிறு தோராயங்களைத் தாங்குவதற்கும் உள்ளவையே பேணுதல் நிமிடங்கள். கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடினால் அந்தப் பேணுதல் முழுவதும் கரைந்துபோகிறது. பிறகு நாம் நோன்பு திறப்பது சூரியன் மறைந்த பின்னரா, மறையும்போதா என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும்.

திருக்குர்ஆன் தொழுகையை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று நான்காம் அத்தியாயத்தின் 103-ஆம் வசனத்தில் கூறுகிறது. அந்த நேரங்களுக்கு அடிப்படை வானமேயன்றிக் கடிகாரம் அன்று என்பதை அறிவோம். கடிகாரம் வானத்தின் பிரதிநிதி மட்டுமே. அதனால்தான் நம் முன்னோர் அந்தப் பிரதிநிதியைக் கண்காணிக்கத் தனியே ஆள் வைத்தார்கள். பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்றொரு பதவி இருந்தது. நேரத்தைக் கணித்து அறிவிப்பதே அவர் பணி. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் 14-ஆம் நூற்றாண்டில் அப்பதவியை வகித்தவர் இப்னு அல்-ஷாதிர். கோள்களின் இயக்கம் பற்றிய கணக்குகளுக்காக இன்றும் அறிவியல் வரலாற்றில் பேசப்படும் பெரும் வானியல் அறிஞர் அவர். அத்தகையவர் 1371-இல் அப்பள்ளியின் மினாராவுக்காக ஒரு சூரியக் கடிகாரத்தை வடித்துத் தந்தார். பள்ளிவாசல் கடிகாரம் அன்று மேதைகளின் பொறுப்பாக இருந்தது. இன்று அது யாருடைய பொறுப்பு என்று கேட்டால், பெரும்பாலான ஊர்களில் பதில் வராது.

நம் ஊருக்கும் நேரக் கணக்கில் ஒரு பழைய பெருமை உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட மதராஸ் நேரத்தையே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே நாடெங்கும் பின்பற்றியது. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. மதராஸ் நேரம் அதைவிட ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது. ஆவடியில் இன்று நண்பகல் சரியாக 12 மணிக்கு வராததற்கு ஒரு காரணம் இது. மற்றொரு காரணம் பூமியின் சுற்றுப்பாதை. பிப்ரவரி நடுவில் இங்கே சூரியன் உச்சி சாய்வது 12.24 அளவில், நவம்பர் தொடக்கத்தில் 11.53 அளவில். கணினி வைத்த பலகையின் பெருமையே, இந்த அரை மணி ஊசலாட்டத்தை நாள்தோறும் கணக்கிட்டு ளுஹரைக் காட்டுவதுதான். இத்தனை நுட்பமாகக் கணக்கிடும் கருவிக்கு இப்போது மணி என்ன என்பது மட்டும் தெரியவில்லை என்றால், அந்த நுட்பத்தால் யாருக்கு என்ன பயன்?

தீர்வு எளிது. கணினியின் முள் வரிசையில் ஒரு வெளிக் கடிகாரச் சில்லைப் பொருத்திவிட வேண்டும். ஆர்.டி.சி. மாட்யூல் என்று கேட்டால் ரிச்சி தெருவில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் எந்தச் சில்லு என்பதில் கவனம் தேவை. டி.எஸ். 1307 என்பது மலிவானது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை நம்பி அது எண்ணுகிறது. வெப்பம் மாறினால் படிகத்தின் அதிர்வும் மாறும், அதைத் திருத்தும் ஏற்பாடு அச்சில்லில் இல்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்பது சாதாரணப் படிகத்துக்கு இயல்பு. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும் திருத்தாமல் விட்டால் ஓராண்டில் 10 நிமிடம் ஆகிவிடும். டி.எஸ். 3231 என்ற சில்லோ படிகத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, வெப்பத்தை அவ்வப்போது அளந்து அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரை அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்கு. அதாவது ஓராண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். மே மாதத்து ஆவடி வெயிலில், டி.வி.யின் முதுகில் ஒட்டிக்கொண்டு 40 பாகையைத் தாண்டினாலும் பிழை சற்றே கூடுமேயன்றிக் கைமீறிப் போகாது. பெயரின் இறுதியில் எம் என்ற எழுத்துள்ள வகை ஒன்று உண்டு. அதன் பிழை ஆண்டுக்கு இரண்டரை நிமிடம் வரை போகலாம். மாதம் ஒருமுறை சரிபார்ப்பவருக்கு அதுவும் போதும்.

பொருத்துவதற்கு நான்கு ஒயர்கள் போதும். மின்சாரத்துக்கு 1-ஆம் முள், தரவுக்கு 3, துடிப்புக்கு 5, தரை இணைப்புக்கு 6 அல்லது 9. சாலிடரிங் தேவையில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. 1-ஆம் முள் 3.3 வோல்ட் தருவது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் 2-ஆம் முள் 5 வோல்ட். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பெரிய வகை மாட்யூல்களில் மீண்டும் மின்னேற்றத்தக்க எல்.ஐ.ஆர். 2032 பேட்டரிக்கென ஒரு மின்னேற்றச் சுற்று இருக்கிறது. நாம் போடுவதோ பெரும்பாலும் மின்னேற்றக் கூடாத சி.ஆர். 2032. இந்த நிலையில் 5 வோல்ட்டில் இணைத்தால் அப்பேட்டரிக்குள் மின்சாரம் திணிக்கப்படும். அது வீங்கவோ கசியவோ கூடும். கணினியின் தரவு முட்களும் 5 வோல்ட்டைத் தாங்குபவை அல்ல. ஆகவே 3.3 வோல்ட்டிலேயே இணைக்க வேண்டும். மற்றொன்றையும் சொல்லிவிடுகிறோம்: மதரஸாப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் பட்டன் பேட்டரியைத் திறந்த நிலையில் வைக்கக் கூடாது. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயையே அரித்துவிடும். பலகைக்கு ஒரு மூடியிட்ட பெட்டி அவசியம்.

மென்பொருள் வேலை அதிகம் இல்லை. ஐ2சி எனும் தொடர்பு வழியைத் திறந்துவிட வேண்டும். அமைப்புக் கோப்பில் இந்தச் சில்லின் பெயரைக் குறிக்கும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். பழைய நேரத்தைக் கார்டிலிருந்து எடுத்துக் காட்டும் போலிக் கடிகார மென்பொருளை நீக்க வேண்டும். இணையம் இருக்கும்போது சரியான நேரத்தை ஒருமுறை சில்லில் எழுதிவிட வேண்டும். பலர் இடறுவது கடைசிப் படியில். சில்லுக்குள் எழுதப்படுவது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணியை இயங்குதளம் தானே சேர்த்துக்கொள்ளும். இந்திய நேரத்தையே சில்லில் எழுதிவிட்டால் திரை ஐந்தரை மணி முந்தி ஓடும். முடித்த பிறகு ஒரு சோதனை கட்டாயம். வைஃபையைத் துண்டித்து, மின்சாரத்தையும் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மின்சாரத்தை மட்டும் கொடுக்க வேண்டும். அப்போது திரை சரியான நேரத்தைக் காட்டினால்தான் வேலை முடிந்தது. இந்தச் சோதனை செய்யாத பலகையைச் சுவரில் மாட்டக் கூடாது என்பது எமது உறுதியான கருத்து.

திரைக்கான மென்பொருளை எழுதும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கணினிக்கு நேரம் உறுதியாகத் தெரியாத வேளையில், நேரம் சரிபார்க்கப்படவில்லை என்று திரையில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். பிழையான நேரத்தை அழகான எழுத்தில் காட்டுவதைவிட வெற்றுத் திரை மேலானது. வெற்றுத் திரையைக் கண்டவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

பள்ளியில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அது சில மணி நேரம் தாங்கும். கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது என்பார்கள். கைபேசியும் கோபுரத்திலிருந்துதான் நேரத்தைப் பெறுகிறது. ஆனால் அணைந்தாலும் நேரத்தை மறக்காத கடிகாரம் அதனுள் இருப்பதால் நம் டி.வி. பலகையைவிட நம்பகமானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதன் மின்னேற்றம் தீரும் வரைதான் இந்த நம்பகம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த பிறகு நம் புறநகர்கள் எப்படி இருந்தன என்பதை இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. மரங்கள் சாய்ந்து, பல தெருக்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல பகுதிகள் அதையே கண்டன. அந்த நாட்களில் ரமளான் வரவில்லை. இனி வரும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், 2030-ஆம் ஆண்டில் ரமளான் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மற்றொரு முறையும் தொடங்கும். அதற்கடுத்த ஆண்டுகளில் அது டிசம்பர் நடுவுக்கும், பின்னர் நவம்பருக்கும் நகரும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் சூழும் மாதங்கள் அவை. அப்போது வானமும் மூடியிருக்கும். சூரியன் மறைந்ததைக் கண்ணால் காண முடியாத மாலையில், மின்சாரமும் இணையமும் இல்லாத தெருவில், நோன்பு திறக்கும் நேரத்தை அறியக் கடிகாரத்தைத் தவிர வேறு வழி இல்லை. மின்சாரம் ஜெனரேட்டரில் அரை மணி வந்து மறுபடி போகும் அந்த நாட்களில் பலகை சரியாக விழித்தெழ வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சில்லு.

ஜி.பி.எஸ். கருவி பொருத்தினால் செயற்கைக்கோளிலிருந்தே நேரம் கிடைக்குமே என்று கேட்கும் பொறியியல் மாணவர்கள் உண்டு. கிடைக்கும், ஆனால் அதன் ஆன்டெனா திறந்த வானத்தைப் பார்க்க வேண்டும், விலையும் கூடுதல். மாடியில் அதைப் பொருத்தும் ஆர்வமும் வசதியும் உள்ள பள்ளிகள் தாராளமாகச் செய்யலாம். அப்போதும் பட்டன் பேட்டரிச் சில்லு உடனிருப்பது நல்லது. ஆயத்தமாக விற்கும் எல்.இ.டி. பலகைகளை வாங்கியவர்கள், எங்களுக்கு இந்தக் கவலை இல்லை என எண்ண வேண்டாம். அவற்றுள் பொதுவாகவே கடிகாரச் சில்லும் பேட்டரியும் இருக்கும்; ஆனால் எத்தனை பள்ளிகளில் அந்தப் பேட்டரியை யாரேனும் மாற்றியிருக்கிறார்கள்? பேட்டரி தீர்ந்த பலகையின் நிலை, சில்லே இல்லாத பலகையின் நிலைதான்.

உண்மையில் எமது கவலை கருவியைப் பற்றியதைவிட ஆளைப் பற்றியது. பளிங்குத் தரைக்கும் குளிர்சாதனத்துக்கும் வசூல் செய்யக் குழு அமைக்கிறோம்; நேரத்தைச் சரிபார்க்க ஒருவரை நியமித்த நிர்வாகம் அரிது. பழி மட்டும் மோதினார் மீது விழுகிறது. குறைந்த சம்பளத்தில் ஐந்து வேளையும் நிற்கும் அவரிடம், டி.வி.க்குப் பின்னால் உள்ள கணினிக்கும் நீரே பொறுப்பு என்பது நியாயமன்று. பலகை வந்துவிட்டதால் பாங்கைத் தானியங்கி ஒலிப்பதிவிடம் விட்டுவிடலாம் என்ற பேச்சும் ஆங்காங்கே எழுகிறது. அதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். பிழையான கடிகாரம் தானே பாங்கு சொல்லத் தொடங்கினால் நடுவே நின்று தடுக்க மனிதர் எவரும் இருக்க மாட்டார் என்பதை மட்டும் இங்கே கூறுகிறோம்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் மைக்ரோமீட்டர் பிடித்து நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரை அளக்கும் சகோதரர்கள் நம் ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள். அளவுக் கருவியைக் குறித்த இடைவெளியில் சரிபார்த்து, தேதியிட்ட ஒட்டுத்தாளை அதன்மேல் ஒட்டுவது அவர்களுக்கு அன்றாட வழக்கம். அதே வழக்கத்தைப் பள்ளிவாசல் பலகைக்கும் கொண்டுவரலாம். பேட்டரி மாற்றிய தேதி ஓர் ஒட்டுத்தாளில் இருக்கட்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவுக்குப் பின் ஒருவர் கைபேசியின் நேரத்தோடு பலகையை ஒப்பிட்டு, எத்தனை விநாடி வேறுபாடு என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். ஷஅபான் மாதத்தில் மின்சாரத்தையும் இணையத்தையும் துண்டித்து அந்த ஒரு மணி நேரச் சோதனையை மீண்டும் செய்யட்டும். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் நிர்வாக அறையின் அறிவிப்புப் பலகையில், முத்தவல்லியின் பெயருக்குக் கீழே எழுதப்படட்டும். பதவிக்கு முவக்கித் என்றே பெயர் வைக்கலாம். 14-ஆம் நூற்றாண்டில் இருந்த பதவிதானே.